ஒரே நிலத்தில் பல மண்



"தண்ணி நல்லாத்தான் பாய்ச்சினேன் சார். அந்த ஒரு மூலையில மட்டும் பயிர் வாடுதே!" ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். காரணம் என்ன? அந்த மூலையின் மண் வேறு.

பருவநிலையைக் கணக்கிடும் கம்ப்யூட்டருக்கும் இதே சங்கடம் உண்டு. பெய்த மழையில் எவ்வளவு உள்ளே இறங்கும், எவ்வளவு ஆவியாகும் என்பதை மண்தானே தீர்மானிக்கிறது? கம்ப்யூட்டரோ பூமியைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. 1971 முதல் 1981 வரை உணவு வேளாண்மை நிறுவனமும் யுனெஸ்கோவும் வெளியிட்ட உலக மண் படத்தில் 1 சென்டிமீட்டர் என்பது 50 கிலோமீட்டர். வேலூரும் ஆம்பூரும் அதற்குள் அடங்கிவிடும்! பாலாற்று மணலும் மேட்டுச் செம்மண்ணும் அதில் தனித்தனியாகத் தெரியுமா? பின்னால் வந்த படங்கள் நுணுக்கமானவைதான். ஆனாலும் உங்கள் வரப்புக்குள் இருக்கும் வித்தியாசத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நம் பகுதியில் தோல் கழிவுநீரும் சேர்ந்துகொண்டது. இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிட்டது. உப்பு மிகுந்த மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. சோடியம் மிகுந்தால் மண் இறுகி, தண்ணீர் மேலேயே நிற்கும். மணலா, களியா என்று மட்டும் சொல்லும் படம் இதைக் காட்டாது.

நாமும் அதே தவறைச் செய்யலாமா? நல்ல மண்ணையும் உப்புப் பூத்த மண்ணையும் ஒன்றாய்க் கலந்து பரிசோதனைக்கு அனுப்பினால், வரும் முடிவு இரண்டுக்குமே பொருந்தாது. ஜிப்சம் தேவையில்லாத இடத்தில் காசு வீணாகும். தேவையான இடத்தில் பயிர் போகும்.

ஆகவே நிறம், மேடு பள்ளம், பயிரின் வளர்ச்சி பார்த்து நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரியுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிருங்கள். ஒவ்வொரு பகுதியிலும் 10, 15 இடங்களில் மேல்குப்பையை ஒதுக்கி, ஆங்கில 'வி' எழுத்துப்போல் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுங்கள். அந்தந்தப் பகுதி மண்ணைத் தனியாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக்கிலோ அளவு துணிப்பையில் போட்டு அடையாளம் எழுதுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுங்கள்.

முடிவு வந்த பிறகு எருவும் ஜிப்சமும் வாங்கலாம். அந்த மூலைக்கு அந்த மூலையின் மண்தான் பதில் சொல்லும்.