தூதர்கள் போன பிறகும் தொடரும் பாடல்

(திருவருகைக் காலத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டாலே நம் ஆலயங்களில் இரவு வெகுநேரம் விளக்கு எரியும். உள்ளே பாடகர் குழுவின் பயிற்சி நடக்கும். வேலை முடிந்து அப்படியே வருகிறவர்கள், அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள், சமையலை முடித்துவிட்டு ஓடிவரும் தாய்மார்கள் என்று பலரும் தங்கள் நேரத்தைக் காணிக்கையாக்குகிறார்கள். அவர்களை வாழ்த்துகிறோம். அவர்களும் பங்குத்தந்தையர்களாகிய நாமும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய ஒன்றை இன்று பகிர்ந்துகொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில், பங்குத்தந்தையும் பாடகர் குழுவுமாக நாங்கள் ஒரு தவறு செய்தோம். அந்த ஆண்டு நள்ளிரவுத் திருப்பலிக்கு எல்லாமே புதுப் பாடல்கள் என்று முடிவெடுத்தோம். புதிய கீபோர்டு வந்தது. கூடுதல் ஒலிபெருக்கிகள் வந்தன. குழுவில் இளவயது முதல் பாடிவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். குரல் நடுங்கும், சுருதி விலகும். "இந்த ஒரு தடவை மட்டும் ஐயா மக்களோடு உட்காரட்டுமே" என்று இளைஞர்கள் கேட்டார்கள். சம்மதித்தோம். அவரும் மறுபேச்சின்றிப் போய் அமர்ந்தார்.

திருவருகைக்கால ஞாயிறுகளில் நாம் வானவர் கீதத்தைப் பாடுவதில்லை. காத்திருக்கிறோம். கிறிஸ்து பிறப்பு இரவில் மணிகள் ஒலிக்க அது திரும்பி வருகிறது. அன்று அதைக் குழுவினர் குறையில்லாமல் பாடினார்கள். ஆனால் பீடத்திலிருந்து பார்த்தபோது, நிறைந்திருந்த ஆலயத்தில் ஒருவர் வாயும் அசையவில்லை. பெரியவரும் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு அமைதியாக நின்றார். திருப்பலி முடிந்ததும் சிலர் வந்து, "சாமி, கச்சேரி பிரமாதம்" என்று பாராட்டினார்கள். அந்தச் சொல் உறுத்தியது.

சில நாள் கழித்துப் பெரியவரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "என்னை எடுத்தது பரவாயில்ல சாமி. தொண்டை போயிடுச்சுன்னு எனக்கே தெரியும். ஆனா பாட்டையே எடுத்துட்டீங்களே. அன்னிக்கு வாயைத் திறக்க ஒரு பாட்டுகூட இல்ல" என்றார்.

அன்புக்குரியவர்களே, இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு லூக்கா நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தைத் திறப்போம். வானதூதர் பேரணி கடவுளைப் புகழ்கிறது. 15-ஆம் வசனத்தில் தூதர்கள் விண்ணகம் திரும்பிவிடுகிறார்கள். இடையர்கள் பெத்லகேமுக்குப் போய்க் குழந்தையைக் காண்கிறார்கள். 20-ஆம் வசனத்தில் அதே இடையர்கள் கடவுளைப் போற்றிப் புகழ்ந்தபடி திரும்புகிறார்கள். வானத்தில் தொடங்கிய புகழ்ச்சி, இரவெல்லாம் ஆடு காத்த எளிய மனிதர்களின் வாய்க்கு வந்துசேர்கிறது. தூதர்கள் போய்விட்டார்கள்; பாடல் போகவில்லை. பாடகர் குழுவின் பணியும் இதுதான்: தொடங்கிவைப்பது, மக்களிடம் ஒப்படைப்பது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 114-ஆம் எண், பாடகர் குழுக்களை அக்கறையோடு வளர்க்கச் சொல்கிறது. இறைமக்கள் அனைவரும் தங்களுக்குரிய பகுதியைப் பாட வழிசெய்யும்படி மேய்ப்பர்களைப் பணிப்பதும் அதே எண்தான். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நமக்கு உரிமையில்லை. காணிக்கைப் பாடலையும், நற்கருணைக்குப் பின் தியானப் பாடலையும் குழு தன் முழுத் திறமையோடு பாடட்டும். நாம் கேட்டுச் செபிப்போம். வானவர் கீதமோ எல்லோருக்கும் உரியது.

அடுத்த ஆண்டு, மக்களுக்குத் தெரிந்த பழைய மெட்டுக்கே திரும்பினோம். பெண்களும் முதியவர்களும் சிரமமின்றிப் பாடச் சுருதியை ஒரு கட்டை இறக்கினோம். பதிலுரைப் பாடலின் பல்லவியைத் திருப்பலிக்குப் பத்து நிமிடம் முன்பே மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தோம். பாட்டு சில இடங்களில் பிசிறடித்தது, தாளம் இழுத்தது. ஆனால் ஆலயம் முழுவதும் பாடியது. பெரியவரைக் குழுவுக்கு அழைத்தோம். "இங்கேருந்தே பாடிக்கிறேன் சாமி" என்று சொல்லிவிட்டார். அந்த நடுங்கும் குரல் பீடம்வரை கேட்டது.

இந்த ஆண்டு பாடகர் குழுவில் நிற்கும் சகோதர சகோதரிகளே, பாடும்போது ஒருமுறை தலை நிமிர்ந்து மக்களின் உதடுகளைப் பாருங்கள். இருக்கைகளில் நிற்கும் நாமும் குரல் சரியில்லை என்று ஒதுங்க வேண்டாம். குடிலில் பிறந்த பாலன் இடையர்களின் குரலை ஏற்றுக்கொண்டவர்.

செபிப்போம்: ஆண்டவரே, எங்கள் குரல்களை ஒன்றாக்கும். எவருடைய பாட்டையும் நாங்கள் பறித்துவிடாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.