பூட்ஸ் தைத்த கை

(ஊரூர் ஒல்காட் குப்பத்தில் கால்பந்துப் பரிசளிப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து மணலில் வெறுங்காலோடு ஆடிய தம்பி தங்கைகளைப் பார்த்தேன். உங்களுக்கு 1962 கதையைச் சொல்லியே ஆகவேண்டும்.

அந்த ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா வரவிடவில்லை. இந்தியாவின் சோந்தி அதைக் கண்டித்தார். அந்த ஊர்க்காரர்களின் கோபம் நம் ஆட்டக்காரர்கள்மேல் திரும்பியது. செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். மைதானமே எதிர்த்துக் கூச்சல் போட்டது. முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். அதற்குப் பிறகு அந்தத் தங்கம் நமக்குக் கிடைக்கவே இல்லை.

பயிற்சியாளர் ரஹீம் புற்றுநோயோடு நின்றார். அடுத்த ஆண்டே இறந்தார். தலையில் தையலோடு கோல் போட்ட ஜர்னைல் சிங், பிரிவினையில் அகதியாக வந்தவர். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும், முன்வரிசையில் ஆடிய துளசிதாஸ் பலராமும் ஹைதராபாத் பக்கம் பிறந்த தமிழர்கள்.

பலராம் ஏழை வீட்டுப் பிள்ளை. பூட்ஸ் வாங்கக் காசில்லை. போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸை வைத்து, செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் செய்துகொடுத்ததைப் போட்டுத்தான் ஆடினார்.

எனக்கு அந்தத் தொழிலாளி ஞாபகம்தான் வருகிறது. அன்றைக்குப் பந்தும் தோல், பூட்ஸும் தோல். தோல் பந்து வலைக்குள் போனால் கைதட்டிய இந்தச் சமூகம், தோலைத் தொட்டு வேலை செய்தவரைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே வைத்தது. பதக்கப் பட்டியலில் அவர் பெயரைத் தேட முடியாது. பலராமுக்கே 2023இல் இறக்கும்வரை பத்மஸ்ரீ கொடுக்கவில்லை.

மைதானத்தில் சாதி இல்லை என்பார்கள். அது உள்ளே நுழைந்தவர்கள் பேசும் பேச்சு. நுழைவதற்குப் பூட்ஸ் வேண்டும், நேரம் வேண்டும், முதலில் இடம் வேண்டும். 1894இல் ஒல்காட் இங்கே, அன்று பஞ்சமர் எனப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். இவர்களுக்குப் படிப்பு வராது என்ற பொய், பள்ளி கிடைத்ததும் உடைந்தது. விளையாட்டும் அப்படித்தான்.

உங்கள் மைதானம் இந்த மணல். இந்தக் கரையோரம் மேம்பாலச் சாலை போடத் திட்டம் வந்தபோது மீனவ மக்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் காத்தது வலைக்கும் படகுக்குமான இடம் மட்டுமல்ல, உங்கள் பந்துக்கான இடமும்தான்.

கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மணலை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.