திருப்புமுனையைச் சுமந்தவர்கள்

(இருங்காட்டுக்கோட்டையில் இளைஞர்கள், மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு போரின் போக்கை மாற்றியது எது என்று கேட்டால் பாடப்புத்தகம் தளபதியின் பெயரைச் சொல்லும். அந்தத் தளபதிக்குச் சோறு எங்கிருந்து வந்தது, அவன் பீரங்கி போக யார் பாதை வெட்டினார்கள் என்று அது கேட்பதில்லை. நாம் கேட்போம்.

ரொம்ப தூரம் போக வேண்டாம். இங்கிருந்து மேற்கே, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது புள்ளலூர். 1780 ஜூலையில் ஐதர் அலி பெரும்படையோடு ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி கும்பெனிப் படையோடு வருகிறார். காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோ காத்திருக்கிறார். இரண்டும் சேர்ந்திருந்தால் கதை வேறு. ஆனால் கொசஸ்தலையாற்றில் வெள்ளம். பெய்லி நாள்கணக்கில் கரையில் கிடந்தார். மன்றோவோ காஞ்சியில் சேர்த்துவைத்த அரிசியை விட்டு நகரத் தயங்கினார். செப்டம்பர் 10இல் ஐதரும் திப்புவும் பெய்லியை வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பெய்லி சரணடைந்தார். மன்றோ கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

ஐதர் அப்போதே சென்னைக்குப் போகவில்லை. ஆற்காட்டை முற்றுகையிடத் திரும்பினார். அந்த அவகாசத்தில் வங்காளத்திலிருந்து கடல்வழியே அயர் கூட் வந்து சேர்ந்தார். 1781 பிப்ரவரியில் கூட்டின் படை கடலூரில் அரிசியில்லாமல் சிக்கிக்கொண்டது. கரையில் ஐதர், கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள். பிரெஞ்சுக்காரன் கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான், கடல்வழி திறந்தது. ஜூலை 1இல் பரங்கிப்பேட்டையில் ஐதர் தோற்றார். 1784 மங்களூர் உடன்படிக்கையில் பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்தார்கள். கும்பெனி பிழைத்துக்கொண்டது.

ஆறு, அரிசி, பாதை, கப்பல். போரைத் திருப்பியது இவைதானே?

புள்ளலூர் தோல்விக்கு இருபதாம் நாள், 1780 செப்டம்பர் 30இல், சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகள் அமைக்கப்பட்டன. பாதை வெட்டுவது, பள்ளம் தோண்டுவதுதான் வேலை. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தொடக்கம் அது. பின்னாளில் அதில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள்.

வெள்ளைக்காரனிடம் வேலை செய்தது விடுதலையா என்று சிலர் கேட்பார்கள். விடுதலை இல்லைதான். ஆனால் பண்ணையாளுக்கு ஆண்டை வீட்டு வாசலைத் தாண்டி ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவும் நிரந்தரமில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘போர்க்குணமுள்ள சாதி’ என்று ஒரு தத்துவத்தைக் கிளப்பிச் சென்னைப் படைகளைக் குறைத்தார்கள். 1890களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர் பிறந்த காலம் அது. முதல் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் 1917இல் மகர் படை அமைத்தார்கள். போர் முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். சண்டை வந்தால் வீரன், ஓய்ந்தால் தீண்டத்தகாதவன்!

ஆர்டர் இருந்தால் கூப்பிடுவதும் இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவதும் இங்கே ஷிப்டுக்கு நிற்கிற உங்களுக்குத் தெரியாததா?

புள்ளலூரில் இரண்டு நினைவுத்தூண்கள் நிற்கின்றன. 1781இல் அங்கே நடந்த அடுத்த சண்டையில் செத்த வெள்ளை அதிகாரிகளுக்கு எழுப்பியவை. மூட்டை சுமந்தவன் பேர் அதில் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் பட்டாளத்துத் தாத்தாவின் பென்ஷன் காகிதமோ பதக்கமோ கிடக்கலாம். தேடி எடுங்கள். பாட்டிகளிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டு வாருங்கள்.