பிள்ளை படிப்புக் கடன்: ஒளிய வேண்டாம், பேசித் தீர்ப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்கு குழுக் கடனைப் பத்தி நான் பேச வரலை. அதை நீங்க ஒழுங்கா கட்டிடுவீங்க. நான் பேசப்போறது கல்விக் கடன். சின்னசேலத்திலிருந்து வெள்ளிமலை வரைக்கும் பல வீட்டில் பிள்ளை இன்ஜினியரிங், நர்சிங் படிக்க வங்கியில் வாங்கிய கடன் இருக்கு. பிள்ளைக்குச் சரியான வேலை இல்லை. வங்கி நோட்டீஸ் வந்தா பிரிக்காம அரிசிப் பானைக்குப் பின்னாடி வைக்கிறோம். 2016இல் மதுரையில் ஒரு இன்ஜினியரிங் பட்டதாரி, கடன் வசூல் நெருக்கடியில் உயிரையே விட்டார். அந்த நிலைமை நம்ம வீட்டுக்கு வரவே கூடாது.

முதலில் ஒன்று புரிஞ்சுக்கணும். கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. அதற்காக யாரையும் ஜெயிலில் போட மாட்டார்கள். அடமானம் வைக்காத வீட்டை யாரும் வந்து பூட்டவும் முடியாது. வங்கி கோர்ட்டுக்குத்தான் போகணும். அதுக்காகச் சும்மா இருக்கலாமா? கூடாது. 90 நாள் தவணை நின்றால் அது வாராக்கடன். பெற்றோர் கூட்டுக் கடன்தாரர் என்பதால் பிள்ளை பேரும் கெடும், நம்ம பேரும் கெடும்.

சரி, என்ன செய்யலாம்?

ஒன்று: கணக்கு விவரம் கேட்டு வாங்குங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்வி படித்தவர்களுக்கு, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் உள்ள வட்டியை மத்திய அரசே தரும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. அந்த மானியம் உங்கள் கணக்கில் ஏறியதா என்று கேளுங்கள்.

இரண்டு: தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இந்திய வங்கிகள் சங்கம் 2015இல் திருத்திய மாதிரித் திட்டத்தில் 15 ஆண்டு வரை கட்ட இடம் உண்டு. வேலை இல்லாத காலத்துக்கு அவகாசம் கேட்கவும் இடம் உண்டு. 3 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வையுங்கள். 5 ஆண்டில் முடிக்க மாதம் சுமார் 6,375 ரூபாய். 15 ஆண்டு என்றால் சுமார் 3,225 ரூபாய். ஆனால் மொத்தமாகக் கட்டுவது 3.82 லட்சத்திலிருந்து 5.80 லட்சமாக ஏறிவிடும். அதனால் வருமானம் வந்ததும் கூடுதலாகக் கட்டிவிடணும்.

மூன்று: ஒரே தடவையில் கட்டி முடிக்கும் சமரசத் தீர்வு. மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லாமல் பேசி முடிக்கலாம். 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பழங்குடி மக்களுக்கும் உண்டு. பேசியதை எழுத்தில் வாங்குங்கள். கட்டியதும் நிலுவை இல்லாச் சான்று வாங்குங்கள். இப்படிக் குறைத்து முடித்தால் கடன் பதிவேட்டில் அது தெரியும், அடுத்த கடன் கிடைப்பது கஷ்டமாகலாம்.

வசூலுக்கு வருகிறவர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது. இது ரிசர்வ் வங்கி 2022இல் சொன்னது. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும் மனு கொடுக்கலாம்.

செய்யவே கூடாதது ஒன்று. இந்தக் கடனைக் கட்ட வாரத் தவணைக் கம்பெனியிலோ கந்துவட்டிக்கோ வாங்காதீங்க. பத்து சதவீதக் கடனை அடைக்க அதைவிட பெரிய வட்டியில் மாட்டுவது, கிணத்துக்குப் பயந்து ஏரியில் விழுவது போல. தள்ளுபடி வருமென்று பேச்சு வந்தாலும் அரசாணை வரும்வரை வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் யார் வீட்டில் இந்தக் கடன் இருக்கு என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்தம்மா தனியா வங்கிக்குப் போக வேண்டாம். இரண்டு பேர் கூடப் போங்க. மரவள்ளிப் பணம், கரும்புப் பணம் எப்போ வரும், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று குழுவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போங்க. பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. வீட்டில் அதைத் திட்டாதீங்க, படிச்சது தப்பில்லை.