கல் குவாரியும் கைப்பணமும்
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பயிர்க்கடனைப் பற்றியும் கிணற்றுக் கடனைப் பற்றியும் இம்முகாம்களில் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று கல் குவாரியில் பணம் போடுவதைப் பற்றிப் பேச நேர்ந்திருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து பட்டா நிலத்துப் பாறையில் குவாரி தொடங்கலாமா என்று கேட்டு வருவோர் தொகை பெருகி வருகிறது. ஆசை தவறன்று. மழையை நம்பி வேர்க்கடலை போட்டுச் சலித்தவர் பாறையின் பக்கம் திரும்புவது இயல்பே.

நமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறோம். விவசாயிகள் சிலர் மனுக் கொடுத்த மறுமாதமே வீட்டு நகைகளை அடகு வைத்து, பழைய பொக்லைன் ஒன்றையும் கம்ப்ரஸர் ஒன்றையும் வாங்கிவிட்டார்கள். உத்தரவு வந்துவிடும் என்று எவரோ உறுதி கூறினாராம். தணிக்கைக்கு வந்தவர்கள் அளந்து பார்த்தபோது, 300 மீட்டர் தூரத்துக்குள் குடியிருப்பு இருப்பது தெரிந்தது. மனு தள்ளுபடியாயிற்று. இயந்திரம் புளியமரத்தடியில் நிற்கிறது. அடகுக் கடைக்காரரின் வட்டி நிற்கவில்லை. அளவுநாடா ஒன்றைப் பிடித்துப் பார்க்க அரைநாள் போதுமே என்பதுதான் நமது வருத்தம்.

குவாரிக்கு வேண்டிய அனுமதி ஒன்றல்ல. 1959-ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி கலெக்டரிடம் மனுச் செய்ய வேண்டும். அவர் பரப்பை வரையறுத்துக் கடிதம் தந்த பின் சுரங்கத் திட்டம் தயாரித்து ஒப்புதல் பெற வேண்டும். பிறகு சுற்றுச்சூழல் அனுமதி. 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் இது வேண்டும் என்பது 2012-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. அதன் பின்னரே குத்தகைப் பத்திரம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும், வெடி வைப்பதற்கான உரிமமும் தனி. இவற்றுள் எந்த இடத்திலும் காரியம் தடைப்படலாம், மாதங்கள் ஓடலாம்.

ஆகவே பணத்தையும் இந்தப் படிகளின்படியே இறக்க வேண்டும். ஒருவர் பங்கு 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனுவுக்கும் அளவைக்கும் முதலில் 10,000 ரூபாய் மட்டும் எடுங்கள். மீதி 90,000 ரூபாயை அன்றே கடன் வாங்கி, அனுமதிக்காக 2 ஆண்டுகள் காத்திருந்தால், நூற்றுக்கு 12 வட்டியில் 21,600 ரூபாய் வீணே போகும். கலெக்டரின் கடிதம் வந்த பின் திட்டச் செலவுக்கு இரண்டாம் தவணை; பத்திரம் கையெழுத்தான பின் இயந்திரத்துக்கு மூன்றாம் தவணை. அப்போதும் வாடகை இயந்திரம் கிடைக்குமானால் அதுவே நலம்.

நெய்வேலியை நோக்குங்கள். 1930-களில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் தென்பட்டது. 1940-களில் துளையிட்டு ஆராய்ந்தார்கள். நிலக்கரியின் அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நீரை இறைத்துக் கட்டுப்படுத்த முடியுமா என்பதே பெரிய ஐயம். 1953-இல் சோதனைச் சுரங்கம் தோண்டப்பட்டது. நிறுவனம் அமைந்ததோ 1956-இல். நிலக்கரி வெளிப்பட்டது 1961 ஆகஸ்டில். சர்க்காரே இவ்வாறு படிப்படியாகச் சென்றதென்றால், மாட்டை விற்றுப் பணம் போடும் நமக்கு அவசரம் எதற்கு?

கூட்டாகச் சேருவோர் பணத்தை ஒருவர் கையில் கொடுக்க வேண்டாம். கூட்டுக் கணக்கில் போட்டு, இருவர் கையெழுத்தில் எடுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் செலவாகாத தொகை இத்தனை நாளில் பங்குதாரருக்குத் திரும்ப வேண்டும் என்பதைப் பத்திரத்தில் எழுதுங்கள். "எல்லாம் முடிந்துவிட்டது" என்று வெளியூரார் எவரேனும் பங்குப் பணம் கேட்டு வந்தால், உத்தரவு நகலின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். போகும்போது பட்டா நகல், வில்லங்கச் சான்று, புல வரைபடம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இல்லையேல் இன்னொரு நாள் பஸ் செலவு.