பிடிவாதமா, கூருணர்வா?



தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலையின் விளக்கும் பாட்டும் நமக்குக் கொண்டாட்டம். அங்கே ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுதால், ஜரிகைச் சட்டை உறுத்துகிறதென்று கழற்றி எறிந்தால், "பிடிவாதம்" என்று அதட்டுகிறோம். ஒலி, ஒளி, தொடுதல், மணம் ஆகியவற்றை மூளை ஏற்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்தப் பிள்ளைக்கு அது உண்மையிலேயே வேதனையாக இருக்கலாம்.

இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனை கிடையாது. அமெரிக்காவின் வின்னி டன் 1999ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். முடிவெட்டும்போது, கூட்டத்தில், சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பராமரிப்பவர் சொல்லவேண்டும். 2002ல் பெரியவர்களுக்கும் ஒன்று வந்தது; அதை அவர்களே நிரப்பலாம்.

நம் வீடுகள் பலவற்றில் பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவர் பாட்டி. ஆங்கிலக் கேள்வித்தாளை அப்பா மட்டும் நிரப்பினால் பாதிச் செய்திதான் கிடைக்கும். பாட்டியிடம் தமிழில் கேட்டு எழுதுங்கள்.

ஆனால், மதிப்பெண் மட்டுமே நோய்முடிவு ஆகாது. ஆட்டிசம் போன்ற வேறு காரணம் உண்டா என்றும் பார்க்கவேண்டும் என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012ல் அறிவுறுத்தியது. சிறு பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகம் மூலம் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம்.

அதட்டுவதற்குமுன் கவனியுங்கள், கவனித்ததைக் குறித்துவையுங்கள்.