மனையொலியும் அயலார் உறக்கமும்

(உறுவையாற்றில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிரெஞ்சு தேசத்தில் குடியேறிய நம் உறவினர் விடுமுறைக்கு ஊர் திரும்புவது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலேயாம். அதுவோ ஆடி மாதம். அம்மன் கோயில்தோறும் ஒலிபெருக்கி முழங்கும் காலம். வந்த மூன்றாம் நாளே, “இவ்வளவு இரைச்சலில் எப்படித்தான் இருக்கிறீர்களோ!” என்று அவர்கள் சலித்துக்கொள்ள, “கடல் கடந்ததும் நம் ஊர் கசந்துவிட்டதோ?” என்று இவர்கள் வினவ, உடன்பிறந்தாரிடையே மனத்தாங்கல் விளைகின்றது. அதுபற்றியே சில வார்த்தைகள் சொல்ல விழைகின்றேன்.

நம் கிராமங்களில் ஒலி என்பது வீட்டின் க்ஷேம சமாசாரமாகும். விடியலில் வாசல் தெளிக்கும் ஓசையும், பாத்திரம் துலக்கும் ஓசையும், பிள்ளையைக் கூவியழைக்கும் குரலும் கேட்டால் அவ்வீட்டார் நலமென்று அயலார் அறிவர். ஒருநாள் கேளாதொழியின், “என்ன அத்தை, வீட்டிலே சத்தத்தையே காணோமே, உடம்புக்கு என்ன?” என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பர். தனித்து வாழும் முதியோர் பலருக்கு இதுவே காவல்.

பிரெஞ்சு நகரங்களிலோ நம்மவர் பலர் வசிப்பது அடுக்குமாடிகளில். ஒருவர் தரை மற்றொருவர் கூரை. மேல்வீட்டில் இஞ்சி இடித்தால் கீழ்வீட்டான் தலைமேல் இடித்ததாகவே முடியும். ஆதலின் அங்கே ஓசையடக்கம் அயலாருக்குச் செய்யும் மரியாதையாயிற்று. இரவில் பிறர் அமைதியைக் குலைப்போர் 68 யூரோ தண்டம் கட்டவேண்டும். தவணை தப்பினால் 180 யூரோ. இதனை நெஞ்சீரமின்மை என்று பழிப்பது பொருந்தாது.

அந்நாட்டாரும் எல்லா ஓசையையும் வெறுப்பவரல்லர். ஒலெரோன் தீவில் மொரீஸ் என்னும் சேவல் விடியலில் கூவுகின்றதென்று, விடுமுறைக்கு அங்கே வந்து தங்குவோர் வழக்கிட்டனர். 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவலின் பக்கமே தீர்ப்பளித்தது. பின்னர் 2021 ஜனவரி 29-ல், நாட்டுப்புறத்து ஓசைகளும் மணங்களும் தேசத்தின் பொதுச்சொத்தென்று சட்டமே இயற்றினர். ஆதலால் பாரீசிலிருந்து வரும் நம் மைத்துனன்மார் உறுவையாற்றுச் சேவலையும் மன்னித்தருள்வாராக!

ஆனால் சேவலுக்குச் சொன்ன நியாயம் ஒலிபெருக்கிக்குச் செல்லாது. உலக்கை பிடித்த கை ஓய்ந்தால் ஓசையும் ஓயும்; மின்சாரக் கருவிக்குக் கை வலிப்பதில்லை. நம் இந்திய தேசத்திலும் 2000-ஆம் ஆண்டு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பிட்டு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியை விலக்கியுள்ளன. திருவிழாக்களுக்கென அரசு நள்ளிரவு வரை விலக்களிக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களே. பிரெஞ்சு நாட்டு வழக்கத்தை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை.

சட்டம் எட்டாத இடமும் ஒன்றுண்டு. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் இரவு முறை வேலை செய்து திரும்பும் பிள்ளைகள் காலை 8 மணிக்குமேல்தான் கண்ணயர்கின்றனர். அவ்வேளையில் தெருவெல்லாம் தொலைக்காட்சி அலறுகின்றது. எவரேனும் பிணியுற்றால் ஓடிவந்து விசாரிக்கும் அதே அயலார், உறங்குபவன் ஒருவன் அருகிலிருப்பதை மட்டும் ஏனோ எண்ணுவதில்லை.

நம் குடும்ப விசேஷங்களில் ஒலிபெருக்கியின் வாயைத் தெருப்பக்கம் வைக்காமல் பந்தலுக்குள் திருப்புவதென்றும், இரவு 10 மணிக்கு நிறுத்துவதென்றும் ஒரு தீர்மானத்தை முன்மொழிகின்றேன். காரியக் கமிட்டியார் அதனை அடுத்த ஆடிக்கு முன்னரே எடுத்து யோசிக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.